பாடம் இலவசம்! முடிப்பவர் எங்கே?

ஏற்காட்டு மலைக்குக் காப்பிச் செடி வந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820-களில் சேலம் மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதைக் கொண்டு வந்து ஊன்றினார். மண் சேர்வராயன் மலையின் மண். மழை இந்த மலையின் மழை. உழைத்த கைகளில் இந்த மலையின் பூர்வ குடிகளான மலையாளிப் பழங்குடி மக்களின் கைகளும் உண்டு. ஆனால் தோட்டங்களின் சொந்தக்காரர்கள் யார்? கடல் கடந்து வந்த துரைமார்கள்! மலைவாசிக்கு மிஞ்சியது அன்றாடக் கூலி.

நடந்து முடிந்ததை யாரும் மாற்ற முடியாது. ஆனால் இன்று அதே மலைக்கு வேறொரு பயிர் வந்திருக்கிறது. அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம், பட்டா வேண்டாம், பருவமழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கவும் வேண்டாம். ஒரு கணிப்பொறி, கொஞ்சம் இணைய இணைப்பு, நிறையப் பொறுமை, இவ்வளவு இருந்தால் போதும். இணையதளம் உருவாக்கும் தொழிலைத்தான் சொல்கிறோம். அதைக் கற்றுத்தரும் பாடங்கள் இணையத்திலேயே இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. இந்தப் பயிரிலாவது நம் பிள்ளைகள் சொந்தக்காரர்களாக நிற்பார்களா? இல்லை, இங்கும் அடுத்தவன் கட்டிய கடைக்கு வாடிக்கையாளர்களாகவே காலம் தள்ளுவார்களா?

ஏற்காட்டைச் சொன்னாலும் இது ஏற்காட்டுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. வாணியம்பாடிக்கும், மேலப்பாளையத்துக்கும், காயல்பட்டினத்துக்கும் இதே கேள்விதான். எனவே சமுதாய இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் நிதானமாக இதைப் படிக்க வேண்டுகிறோம்.

திரையே ஆசிரியர்

இணையப் பக்கம் என்றால் என்ன? ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கை எந்த அலமாரியில் எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிப்பது முதல் வேலை. இது தலைப்பு, இது செய்தி, இது படம் என்று பிரித்து அடுக்கும் அந்த வேலையை எச்.டி.எம்.எல். செய்கிறது. சுவருக்கு என்ன வண்ணம், பெயர்ப்பலகையில் எழுத்து எவ்வளவு பெரியது என்ற அலங்காரத்தை சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் எடுத்துக் கொடுத்து, கணக்குப் போட்டுச் சொல்லும் கடைப் பையன்தான் ஜாவாஸ்கிரிப்ட். இந்த மூன்றும் தெரிந்தால் அடிப்படை முடிந்தது.

இதை எப்படிக் கற்பது? முன்பெல்லாம் தடித்த ஆங்கிலப் புத்தகம் வாங்க வேண்டும், அல்லது பட்டணத்துப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்ட வேண்டும். இன்று முறையே மாறிவிட்டது. திரையின் ஒரு பக்கத்தில் சிறு பாடம் இருக்கும். பக்கத்திலேயே நீங்கள் எழுதிப் பார்க்க இடம் இருக்கும். எழுதியது எப்படித் தெரிகிறது என்பதை இன்னொரு பக்கம் உடனே காட்டிவிடும். தவறு செய்தால் எந்த இடத்தில் தவறு என்று திரையே சொல்லும். சரியாகச் செய்தால்தான் அடுத்த படி திறக்கும். மதரஸாவில் ஒவ்வொரு பிள்ளையாக உஸ்தாதின் முன் உட்கார்ந்து சபக் ஒப்பிப்பது போன்ற முறைதான் இது. ஒன்றை ஒப்பிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது!

2011-ல் அமெரிக்காவில் தொடங்கிய கோட்அகாடமி இந்த முறையைப் பரவலாக்கியது. 2014-ல் குவின்சி லார்சன் என்பவர் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், லாப நோக்கமில்லாத அமைப்பாக, கட்டணமே வாங்காமல் இணையதள உருவாக்கத்தை அடியிலிருந்து கற்றுத்தருகிறது. சான்றிதழுக்கும் காசு இல்லை.

நம் மாநிலத்திலும் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. 2014-ல் நிறுவப்பட்ட குவி நிறுவனம் கணிப்பொறிப் பாடங்களைத் தமிழில் சொல்லித்தருவதையே அடையாளமாகக் கொண்டு வளர்ந்தது. 2012-ல் தொடங்கிய கணியம் இதழைச் சேர்ந்த தன்னார்வலர்கள் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகியவற்றை எளிய தமிழில் நூல்களாக எழுதி இலவசமாகவே வெளியிட்டுள்ளனர். 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஜே.இ.இ. தேர்வு எழுதாதவரும் தகுதிச் சுற்றில் தேறி அதில் சேரலாம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது.

'எங்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்?' என்று இனி எந்த இளைஞரும் அலுத்துக்கொள்ள முடியாது. சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள்.

நூறு பேரில் மூன்று பேர்!

அப்படியானால் இந்நேரம் தெருவுக்குத் தெரு இணையதள வல்லுநர்கள் நிறைந்திருக்க வேண்டுமே! ஏன் இல்லை?

இங்கேதான் கசப்பான உண்மை ஒன்றைக் காண்கிறோம். அமெரிக்காவின் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய இணையப் பாடங்களில் 2012 முதல் 2018 வரை சேர்ந்தவர்களின் கணக்கை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2019 ஜனவரியில் சயின்ஸ் என்ற அறிவியல் இதழில் வெளியானது. பெயர் பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு 52 பேர் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை! 2017-18-ல் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேர்தான். சான்றிதழுக்காகக் காசு கட்டிச் சேர்ந்தவர்களில்கூட அந்த ஆண்டு பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிக்கவில்லை.

எண்ணிப் பாருங்கள்! உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களின் பாடம். வீடு தேடி வருகிறது. ஆனால் முடிப்பவர் மூன்றே பேர். குறை பாடத்தில் இல்லை. தனியாக உட்கார்ந்து, யாரும் கேட்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல் நாள்தோறும் படிப்பது மனிதனுக்கு எளிதல்ல. மூன்றாம் நாள் ஒரு தவறு பிடிபடாது. நான்காம் நாள் கல்யாண வீடு வரும். ஐந்தாம் நாள் கைப்பேசியில் கிரிக்கெட் ஓடும். ஆறாம் நாள் பாடம் மறந்தே போகும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. திரை கையைப் பிடித்து நடத்துகிறது. பாதி வரியை அதுவே எழுதித் தந்து, மீதியை நிரப்பச் சொல்கிறது. பிள்ளையும் நிரப்பிக்கொண்டே போகிறான், 'பாஸ்' என்று பச்சை நிறத்தில் வந்ததும் மகிழ்கிறான். நூறு பாடம் முடித்தவனிடம் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து கொடுத்து, 'நம் கடைக்கு ஒரு பக்கம் எழுது' என்று சொல்லிப் பாருங்கள். முதல் வரியே வராமல் விழிப்பான்! நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்தபடியே காலை அடித்துக்கொண்டிருந்தவனுக்குக் கையை விட்டதும் தண்ணீர் பயமாகத்தான் இருக்கும்.

ஆகவே படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு கட்டளை போலச் சொல்கிறோம். பத்துப் பாடம் முடிந்ததும் திரையை மூடுங்கள். வெற்றுப் பக்கத்தைத் திறந்து, கற்றதை வைத்துச் சொந்தமாக ஒன்றைச் செய்யுங்கள். அது கோணலாக வந்தாலும் பரவாயில்லை. உங்களுடையதாக வரட்டும்.

சிக்னல் இல்லை என்பது சாக்கு!

'மலையில் சிக்னல் சரியில்லை, எப்படிப் படிப்பது?' என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு செய்தியைப் பலர் அறிவதில்லை. இணையப் பக்கம் எழுதிப் பழகுவதற்கு இணையமே தேவையில்லை! கணிப்பொறியில் எழுத்துகளைத் தட்டச்சு செய்ய ஒரு சாதாரண மென்பொருளும் பிரவுசரும் இருந்தால், எழுதியதை அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். சிக்னல் கிடைக்கும் நேரத்தில் பாடத்தைப் படித்துக்கொண்டு, மற்ற நேரத்தில் பழகலாம்.

கணிப்பொறிக்கு எங்கே போவது? 2011-ல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அப்படி வந்தவற்றில் எத்தனை இன்று அலமாரிக்குள்ளும் பரண் மேலும் தூங்குகின்றன! வேகம் குறைந்த பழைய இயந்திரத்தில் லினக்ஸ் போட்டால் இந்த வேலைக்கு அது தாராளமாகப் போதும். கைப்பேசியில் பாடத்தைப் படிக்கலாம், ஆனால் எழுதிப் பழக விசைப்பலகை வேண்டும். கட்டைவிரலால் இணையதளம் கட்ட முடியாது.

ஆங்கிலம் தடையா? கட்டளைச் சொற்கள் ஆங்கிலம்தான். ஆனால் அடிப்படைக்குத் தேவையான சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தின் சில பக்கங்களில் எழுதிவிடலாம். விளக்கம் தமிழில் கிடைக்கிறது. அரபி எழுத்தைக் கற்று ஓதப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தச் சில சொற்கள் ஒரு சுமையா?

வணிகப் பெருமக்களே, உங்களுக்குத்தான்!

இது பிள்ளைகளின் படிப்பு விஷயம் என்று வணிகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் கல்லாவோடு நேரடித் தொடர்பு இதற்கு உண்டு.

ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடைக் கூட்டம் மலையேறி வருகிறது. ஆனால் விருந்தினர் அறையைப் பதிவு செய்வது எங்கோ இருக்கும் பெருநிறுவனத்தின் தளத்தில். அறை உங்களுடையது, விரிப்பு உங்களுடையது, வெந்நீர் போடுவதும் நீங்கள். ஒவ்வொரு பதிவிலும் கமிஷன் போவது அவர்களுக்கு. காப்பித் தோட்டத்தின் கதை மறுபடியும் நடக்கிறது என்பது புரிகிறதா?

இது வெறும் புலம்பல் அல்ல. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப்-கோஐபிபோ நிறுவனத்துக்கு ஏறத்தாழ 223 கோடி ரூபாயும் ஓயோ நிறுவனத்துக்கு ஏறத்தாழ 169 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. மேக்மைட்ரிப் தளத்தில் உள்ள விலையைவிடக் குறைந்த விலைக்கு விடுதிக்காரர் தம் சொந்தத் தளத்தில்கூட அறையைத் தரக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் அந்த வழக்கில் கேள்விக்குள்ளாயின. அவற்றை ஒப்பந்தத்திலிருந்து நீக்குமாறு ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு எப்படிப் போனாலும் பாடம் ஒன்றுதான். சொந்த வாசல் இல்லாதவன் அடுத்தவன் வாசலில் அவன் சொல்லும் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு நிற்க வேண்டும்.

பெரிய தளங்களை விட்டு இன்றே வெளியேறுங்கள் என்று சொல்லவில்லை. அங்கும் இருங்கள். கூடவே சொந்தமாக ஒரு பக்கமும் இருக்கட்டும். உங்கள் அறைகளின் படம், வாடகை, பேருந்து நிலையத்திலிருந்து வரும் வழி, தொலைபேசி எண், இவை தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக இருந்தால், ஒருமுறை வந்து போனவர் அடுத்த முறை நேரடியாக உங்களையே அழைப்பார். மிளகும் காப்பித்தூளும் விற்பவருக்கும் இது பொருந்தும்.

இந்தப் பக்கத்தை யார் செய்வது? உங்கள் தெருவில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பையன்! பாடத்தில் வராத பல விஷயங்களை அவன் அந்த வேலையில்தான் கற்பான். கைப்பேசியில் எடுத்த நாலு எம்.பி. படத்தை அப்படியே போட்டால், மலைப்பாதையில் சிக்னல் தேடும் வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. அதை இருநூறு கே.பி.க்குள் சுருக்க வேண்டும் என்பது அனுபவத்தில் வரும் கல்வி. வாடகை மாறினால் உடனே மாற்ற வேண்டும், தவறான எண் போட்டால் முதலாளி சத்தம் போடுவார் என்பதெல்லாம் எந்தத் திரையும் சொல்லித்தராத பாடம்.

வணிகர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, தளத்தின் முகவரியை உங்கள் பெயரிலேயே, உங்கள் மின்னஞ்சலிலேயே பதிவு செய்யுங்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும். செய்து கொடுத்தவர் ஊரை விட்டுப் போனாலும் கடை உங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது, 'நம்ம பையன்தானே' என்று சும்மா வேலை வாங்காதீர்கள். பேசிய கூலியைப் பேசிய நாளில் கொடுங்கள். உழைத்தவனின் கூலியைத் தாமதப்படுத்தக் கூடாது என்று மார்க்கம் நமக்குச் சொல்லித்தரவில்லையா?

விளம்பரத்தில் விழாதீர்கள்!

பாடம் இலவசமாகக் கிடைக்கும் அதே காலத்தில், அதை விலை பேசி விற்கும் வியாபாரமும் கொழித்து வளர்கிறது. 'மூன்றே மாதத்தில் மென்பொருள் வேலை, லட்சத்தில் சம்பளம்' என்று கைப்பேசியில் விளம்பரங்கள் வந்து விழுகின்றன. பிள்ளைகளுக்குக் கணிப்பொறி நிரலாக்கம் கற்றுத்தருவதாக வந்த ஒயிட்ஹேட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களை நாடே பார்த்தது. விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு 2020-ல் ஆட்சேபித்த பிறகு அவற்றில் ஐந்து திரும்பப் பெறப்பட்டன.

கட்டணம் வாங்கும் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் அல்லர். நல்ல ஆசிரியருக்குக் கூலி கொடுப்பது தவறும் அல்ல. ஆனால் வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்லி, பிள்ளையின் பெயரில் வட்டிக்கடன் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் பெற்றோர்களே, எழுந்து வந்துவிடுங்கள்! வட்டியும் சேர்கிறது, வேலைக்கும் உறுதியில்லை. முதலில் இலவசப் பாடத்தில் மூன்று மாதம் பிள்ளை தாக்குப் பிடிக்கிறானா என்று பாருங்கள். பிடித்தால் பிறகு யோசிக்கலாம்.

நல்ல முன்மாதிரிகளும் நம் மண்ணிலேயே உண்டு. ஜோஹோ நிறுவனம் 2005-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்றுத்தருகிறார்கள். பொறியியல் பட்டம் இல்லாமலும் மென்பொருள் எழுத முடியும் என்பதற்கு அங்கே படித்து வேலை பார்ப்பவர்களே சாட்சி.

'எல்லாவற்றையும் எந்திரமே எழுதிவிடுமாமே?'

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தக் கேள்வி பலமாகக் கேட்கிறது. மழுப்பாமல் பதில் சொல்வோம். சாதாரண இணையப் பக்கத்தைச் செயற்கை நுண்ணறிவு நிமிடத்தில் எழுதித் தருகிறது. வெறும் எச்.டி.எம்.எல். தெரிந்தால் வேலை நிச்சயம் என்று இனி யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

அதனால் படிக்க வேண்டாமா? கால்குலேட்டர் வந்தது என்பதற்காக வியாபாரியின் மகன் வாய்ப்பாட்டை விட்டுவிட்டானா? எந்திரம் எழுதித் தந்ததில் தவறு இருந்தால் கண்டுபிடிக்க யார் இருக்கிறார்? வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்பதைப் புரிந்து எந்திரத்திடம் சரியாகக் கேட்பவர் யார்? அடிப்படை தெரிந்தவன் அதை வேலைக்காரனாக வைத்துக்கொள்வான். தெரியாதவன் அது கொடுத்ததை வாங்கிக்கொண்டு திகைப்பான். ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறோம். படிக்கும் காலத்தில் எந்திரத்திடம் விடையைக் கேட்காதீர்கள், விளக்கத்தைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது என்ன?

பாடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, வேலையும் ஊரிலேயே இருக்கிறது. இல்லாதது கூட்டம்தான்; சேர்ந்து உட்காரும் பழக்கம்தான். அதை உண்டாக்கப் பெரிய நிதி தேவையில்லை.

ஊரில் ஒரு அறை வேண்டும். ஜமாஅத் கூடமாக இருக்கலாம், நூலகமாக இருக்கலாம், மாடியில் பூட்டிக் கிடக்கும் கடை அறையாகவும் இருக்கலாம். வாரத்தில் நான்கு நாள், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் போதும். ஆறேழு பேர், இரண்டு மூன்று பழைய மடிக்கணினிகள், ஓர் இணைய இணைப்பு. சேலத்திலோ சென்னையிலோ மென்பொருள் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவர் வாரம் ஒருமுறை கைப்பேசியில் வந்து சந்தேகம் தீர்த்தால், அது அவர் பிறந்த ஊருக்குச் செய்யும் பெரிய உதவி. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒவ்வொருவரும் சொந்தமாகச் செய்த ஒரு பக்கத்தை மற்றவர்கள் முன் காட்ட வேண்டும். ஒருவன் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவன் வீட்டுக் கதவை ஒருவர் தட்ட வேண்டும். திரையால் செய்ய முடியாத வேலை அதுதான்!

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழில் இது. அவர்களுக்கென்று தனி நேரம், தனி இடம் ஒதுக்குவது அவ்வளவு கடினமா? அண்ணனுக்கு மடிக்கணினி, தங்கைக்கு அடுப்படி என்ற பங்கீடு இனி வேண்டாம்.

அந்த அறையின் கதவு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் திறந்திருக்கட்டும். ஏற்காட்டில் 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் முதலாகப் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளிகள் உண்டு. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் மலையேறி வந்து படிக்கிறார்கள். மலையிலேயே பிறந்த பழங்குடிப் பிள்ளைக்கும் கடைவீதிப் பிள்ளைக்கும் அந்த வசதி எளிதில் எட்டுவதில்லை. ஒரே மழையில் நனைந்து, ஒரே பேருந்தில் சேலத்துக்கு இறங்கும் இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தால் அதைவிட நல்ல செய்தி வேறென்ன?

1993 ஏப்ரல் 30 அன்று, வலை என்ற இந்தத் தொழில்நுட்பத்தை டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய செர்ன் ஆய்வுக்கூடம், காசு கேட்காமல் அதை உலகம் முழுமைக்கும் விட்டுக்கொடுத்தது. காப்பிச் செடி மலைக்கு வந்தபோது நம்மிடம் யாரும் கேட்கவில்லை, யாரும் பங்கு தரவில்லை. இந்தப் பயிரோ நம் வாசலில் வந்து பங்கை எடுத்துக்கொள் என்று சொல்கிறது.

வரும் வாரமே ஒரு அறையைத் திறப்போம். ஒரு வணிகர் ஒரு வேலையைக் கொடுக்கட்டும். ஒரு இளைஞன் அதை முடித்துக் கொடுக்கட்டும். நூற்றுக்கு மூன்று என்ற கணக்கை நம் ஊர்களில் மாற்றிக் காட்டுவோம், இன்ஷா அல்லாஹ்!